எடைக்கல்லும் இதயமும்

அரிசிக் கடையில் எடைக்கல் உண்டு. அது சரியானதுதானா என்று சோதித்து முத்திரையிட அரசாங்க அலுவலர் வருவார். நகைக் கடையில் தராசு உண்டு; குன்றிமணியளவு பிசகினாலும் வாங்குபவர் விடமாட்டார், வாதாடுவார். திருமணச் சந்தையிலேயும் ஓர் எடைக்கல் உண்டு. அதற்கு முத்திரை கிடையாது. அதைச் செய்தவர் யார், சோதித்தவர் யார் என்று கேட்பாரும் கிடையாது. ஆயினும், பட்டம் பெற்ற பெண்ணும் அதன் முன்னே தலை கவிழ்ந்து நிற்கிறாள். பெற்றவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள். தரகர் மட்டும் நிமிர்ந்து நிற்கிறார். கல் அவர் கையில் அல்லவா இருக்கிறது!

நான் கடலூரில் பள்ளி ஆசிரியை. வயது 27. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றவள். உடல் பருத்தவள். இந்த நான்கு செய்திகளில் முதல் மூன்றை எந்த வீட்டுத் திண்ணையிலும் உரக்கச் சொல்லலாம். நான்காவதை மட்டும் மெல்லச் சொல்ல வேண்டும் என்பது ஊர் வகுத்த முறை. நெட்டையானவர் தம்மை நெட்டை என்று கூறிக்கொள்வது உண்மையை உரைப்பதேயன்றி வேறென்ன? பருத்தவள் தன்னைப் பருத்தவள் என்பதும் அத்தகையதே. எனவே உரக்கவே சொல்லுகிறேன்.

உடல் பருத்தவர்களும், அவர்களை விரும்புகிறவர்களும் ஒருவரையொருவர் கண்டறிவதற்கென்றே இன்று இணையதளங்கள் இருக்கின்றன. 'கட்டணம் இல்லை' என்ற கவர்ச்சியான அழைப்போடு அவை வருகின்றன. அவற்றில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற கேள்வி என் வாழ்விலே வந்து நின்றது. என்னைப் போன்ற பலர் வாழ்விலும் அது நிற்கிறது. வீட்டார் உறங்கிய பிறகு, கைப்பேசி வெளிச்சத்தில், தனியே தேடுகிறார்கள். யாரிடமும் கேட்க முடியாமல் தேடுகிறார்கள். கேட்க முடியாத இடத்தில்தான் ஏமாற்று வளர்கிறது. ஆகவே வெட்கத்தைச் சற்றே விலக்கி வைத்துவிட்டு, அறிவின் துணைகொண்டு இதனை ஆராய்வோம், வாருங்கள்.

முதலிலே, இத்தகைய தளங்களை நோக்கி ஒரு பெண்ணை விரட்டுவது எது என்று பார்ப்போம்.

எங்கள் வீட்டுக்குத் தரகர் ஒருவர் வந்துபோவதுண்டு. பிள்ளை வீட்டாரிடம் என்னைப் பற்றி அவர் சொல்லும் சொற்றொடர் ஒன்றே: "பெண் கொஞ்சம் பூசினாற்போல இருக்கும்." தமிழின் வளத்தைப் பாருங்கள்! சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவோம். தரைக்குச் சாணம் பூசினோம். எனக்கு எதைப் பூசினார்களோ, நானறியேன். பிள்ளை வீட்டார் மஞ்சக்குப்பத்து வீட்டுக்கு வந்தார்கள். கேசரி உண்டார்கள், பஜ்ஜி உண்டார்கள், காப்பி பருகினார்கள். "பெண் படித்திருக்கிறாள், வேலையில் இருக்கிறாள், எல்லாம் நிறைவு, ஒரு பத்துக் கிலோ குறைத்துவிட்டால் மேற்கொண்டு பேசலாம்" என்று மறுநாள் சொல்லியனுப்பினார்கள். வந்த பிள்ளைக்கு வயிறு முன்னே வந்தது. ஆள் பின்னே வந்தார். ஆணுக்கு வந்தால் அது வசதியின் அடையாளம்; பெண்ணுக்கு வந்தால் அது பேச்சை முறிக்கும் குறை. ஒரே சதைக்கு இரண்டு நீதி!

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லி அத்தை கொள்ளு வாங்கி வந்தார். தேவனாம்பட்டினத்துச் சில்வர் பீச்சிலே விடியற்காலையில் நடக்கச் சொன்னார் மாமா. நடக்கிறேன், இன்றும் நடக்கிறேன். கடற்காற்று நல்லது, நடை நல்லது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அணுகாமல் காப்பது நல்லது. மருத்துவர் "உடலைப் பேணம்மா" என்றால், அது அக்கறை, தலைவணங்கிக் கேட்கிறேன். தரகர் "இந்த உடம்போடு உன்னை யார் கொள்வார்?" என்றால், அது அவமதிப்பு. அக்கறைக்கும் அவமதிப்புக்கும் ஒரே சொல் பயன்படுகிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடுமா?

இந்தச் சமுதாயம் பருத்த உடலை வெறுக்கிறது என்று சொன்னாலும் பொய்யாகும். வெறுத்தால் நேர்மையாகவாவது வெறுக்கலாமே! திரையிலே பூரித்த உடலோடு வந்த நடிகை குஷ்புவைக் கொண்டாடிய இதே நாடுதான், மல்லிகைபோல் உப்பிய இட்டிலிக்கு அவர் பெயரைச் சூட்டி, இன்றுவரை உணவகங்களில் 'குஷ்பு இட்லி' என்று கேட்டு வாங்கி உண்கிறது. இட்டிலி உப்பினால் இன்பம். பெண் உப்பினால் துன்பமா? தெருமுனைதோறும் தொந்தியோடு அமர்ந்திருக்கும் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போடுகிறார்கள். அவரும் தாயைப் போல் பெண் வேண்டுமென்று ஆற்றங்கரையில் காத்திருக்கிறார் என்று கதை சொல்லுகிறார்கள். கடவுளுக்கே பெண் அமையாத ஊரில் எனக்கு மாப்பிள்ளை அமையவில்லை என்றால் வியப்பென்ன!

திரையுலகம் இன்னொரு விந்தை. ஆண் நடிகர் ஒருவர் 'குண்டு கல்யாணம்' என்றே பெயர் பெற்றார்; உடலே அடைமொழியாயிற்று; சிரிப்புக்கு அது முதலாயிற்று. பருத்த பெண்ணைத் தலைவியாகக் கொண்டு 2015இல் 'இஞ்சி இடுப்பழகி' என்ற படம் வந்தது. முயற்சி நல்லது. ஆனால் அந்தப் பெண்ணாக நடிக்க, மெலிந்த நடிகை அனுஷ்கா தம் எடையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருந்தது. பருத்தவளின் கதையைச் சொல்லும் உரிமைகூடப் பருத்தவளுக்குக் கிட்டவில்லை!

சரி, என்னைப் போன்றோர் எத்தனை பேர்? ஊருக்கு ஒருத்தியா, தெருவுக்கு ஒருத்தியா? 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது: தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40.4 பேர் அதிக எடையினர் அல்லது உடற்பருமன் உடையவர்கள்; ஆண்களில் நூற்றுக்கு 37 பேர். 2015–16 கணக்கெடுப்பிலே பெண்களின் எண்ணிக்கை நூற்றுக்கு 30.9 ஆக இருந்தது. பத்துப் பெண்களில் நால்வர்! பத்தில் நால்வரைத் 'தனிப் பிரிவு' என்று ஒதுக்குப்புறத்தில் நிறுத்திவைத்து, மீதியுள்ளோரை 'இயல்பானவர்' என்கிறோமே, இது எந்தக் கணக்கு?

அந்த அளவுகோலின் வரலாற்றையும் அறிந்துகொள்ளுங்கள். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் இருமடியால் வகுத்து, விடை 25 அல்லது அதற்கு மேல் வந்தால் அதிக எடை என்கிறார்கள். 1830களில் பெல்ஜிய நாட்டுப் புள்ளியியல் அறிஞர் கெட்டலே, மக்கள் திரளின் சராசரியை ஆராய்ந்தபோது கண்ட கணக்கு இது. 1972இல் ஆன்சல் கீஸ் என்ற அமெரிக்க அறிஞர் அதற்கு உடல் நிறைக் குறியீட்டெண் என்று பெயரிட்டார். கூட்டத்தை அளக்கப் பிறந்த கோல் அது. ஒரு பெண்ணின் இல்லற வாழ்வை அளக்க அதை எடுத்துத் தந்தவர் எவருமில்லை, நாமே எடுத்துக்கொண்டோம்.

இந்த நிலையில்தான் சிதம்பரத்திலிருந்து என் தோழி ஒரு பட்டியல் அனுப்பினாள். பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பில் பயின்றவள்; இன்று அங்கேயே ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறாள்; என்னைப் போலவே பருத்தவள். "ஞாயிற்றுக்கிழமை வாடி, இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். தனியே பார்த்தால் ஆசை கண்ணை மறைக்கும்" என்று எழுதியிருந்தாள். பேருந்தேறிச் சென்றேன். கீழவீதிக்கு அருகே அவள் வீட்டு மாடியில், ஒரு நோட்டுப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு, தளம் தளமாக ஆராய்ந்தோம். தேர்வுத் தாள் திருத்துவதுபோல் மதிப்பெண் போட்டோம்.

அன்று எங்கள் கண்ணில் பட்டவை பெரும்பாலும் அயல்நாட்டுத் தளங்களே, வூப்ளஸ் போன்றவை. நம் நாட்டு மணத்தொழில், சாதிக்கொரு தளமென நூற்றுக்கணக்கில் திறந்து வைத்திருக்கிறது. உட்சாதிக்கும் கதவு உண்டு. உடல் பருத்தவளுக்கோ கடல் கடந்து போகவேண்டியிருக்கிறது!

கடல் கடந்த அந்த நாட்டிலே இது எப்படித் தொடங்கியது? அதற்கு ஒரு வீர வரலாறு உண்டு. 1967இல் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பூங்காவில் பருத்த உடலினரும் அவர்தம் நண்பர்களும் கூடினார்கள். உணவுக் கட்டுப்பாட்டு நூல்களையும், ட்விக்கி என்ற மெலிந்த விளம்பர அழகியின் படத்தையும் எரித்தார்கள். 1969இல் வில்லியம் ஃபேப்ரி என்ற பொறியாளர், பருத்த உடல் கொண்ட தம் மனைவி சென்ற இடமெல்லாம் அவமதிக்கப்படுவதைக் கண்டு பொறாதவராய், பருத்தவர் உரிமைக்கென ஒரு சங்கம் கண்டார். 'நாஃபா' என்று வழங்கும் அச்சங்கம் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் கண்டறியவும் வழி செய்தது. 1979இல் கரோல் ஷா என்ற பெண்மணி 'பிக் பியூட்டிஃபுல் உமன்', அதாவது பெரிய அழகிய பெண், என்ற பெயரில் ஓர் இதழ் தொடங்கினார். அப்பெயரின் முதலெழுத்துக்களே 'பிபிடபிள்யூ' என்று சுருங்கி உலகெங்கும் பரவின.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். தன்மானத்தின் பெயராகப் பிறந்த அந்த மூன்றெழுத்து, காலப்போக்கில் சந்தைச் சரக்கின் சீட்டாயிற்று. மனைவியின் மானத்துக்காகச் சங்கம் கண்ட கணவரும் பருத்த உடலை விரும்பியவர்தாம். இன்று அம்மூன்றெழுத்தைத் தட்டச்சு செய்து தேடுபவரிலும் பலர் விரும்புகிறவர்களே. ஆனால் விருப்பம் எல்லாம் ஒரே விருப்பமா?

எங்கள் நோட்டுப் புத்தகத்தில் விரும்புகிறவர்களை மூவகையாகப் பிரித்தோம்.

முதல்வர் தியாகி. "உங்களை ஏற்றுக்கொள்ள நான் முன்வருகிறேன்" என்று எழுதுவார். ஏற்றுக்கொள்ள நான் என்ன கடன் பத்திரமா? இவர் மணந்தபின் நாள்தோறும் தம் தியாகத்துக்கு வட்டி கேட்பார்.

இரண்டாமவர் இருட்டு அன்பர். என் தோழிக்கு நேர்ந்தது இது. ஒரு தளத்தின் வழியே ஒருவர் எட்டு வாரம் அவளோடு பேசினார். அவள் முகத்தைப் புகழ்ந்தார், உடலைப் புகழ்ந்தார்; மெலிந்த பெண்களைக் கண்டால் தமக்குப் பிடிப்பதேயில்லை என்றார். "சரி, வரும் ஞாயிறு பகல் பதினொரு மணிக்குத் தெற்கு வீதியில் காப்பி குடிக்கலாம், வாருங்கள்" என்றாள் இவள். "தெரிந்தவர்கள் பார்ப்பார்களே, இருட்டிய பிறகு வேறு ஊரில் சந்திப்போம்" என்று விடை வந்தது. அவள் அதற்குமேல் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் கணக்கை அடைத்துவிட்டாள். என்னிடம் சொல்லும்போது அவள் அழவில்லை. "எட்டு வாரமாக என்னைப் பார்க்க ஏங்கியவருக்கு, என்னோடு பார்க்கப்படத் துணிவில்லையடி" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தில் இந்தச் சிக்கல் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஊரார் முன் பருத்த பெண்ணை ஏளனம் செய்வோர் கூட்டத்திலே நின்றுகொண்டு, இரவிலே அவளைத் தேடிவருபவர், விரும்புகிறவர் அல்லர், திருடுகிறவர்.

மூன்றாமவர் உண்டு. உடலும் பிடித்திருக்கிறது, உரையாடலும் பிடித்திருக்கிறது என்று கூச்சமின்றிக் கூறுபவர். ஞாயிறு மாலை, கடலூரே திரண்டிருக்கும் சில்வர் பீச்சிலே, அருகில் நடந்துவருவார். சுண்டல் விற்கும் பையன் சிரித்தாலும் கையை விடமாட்டார். இவர்கள் தொகை குறைவு. ஆயினும் இல்லாதவர் அல்லர். இவரைக் கண்டறியத்தான் தளம் வேண்டும். இவரை மறைத்து முதல் இருவரை முன்னே தள்ளும் தளம், கட்டணமின்றிக் கொடுத்தாலும் வேண்டா.

கட்டணம் இல்லை என்றேனே, அதையும் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

'இலவசம்' என்ற சொல்லுக்கு மூன்று பொருள் கண்டோம். சேர்வது மட்டும் இலவசம். வந்த மடலைத் திறக்கக் காசு என்பது ஒன்று. நான் சேர்ந்த ஒரு தளத்தில், சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது மடல்கள் வந்து குவிந்தன, எல்லாம் மங்கலாக்கப்பட்டிருந்தன, திறக்கச் சந்தா கேட்டது. கடலூரில் ஒன்பது ஆண்டு தேடியும் வராத வரவேற்பு ஒரு மணி நேரத்தில் வந்தால், அது வரவேற்பு அன்று, தூண்டில். படிப்பதும் எழுதுவதும் இலவசம், கூடுதல் வசதிக்கு மட்டும் காசு என்பது இரண்டாவது. இது நேர்மையான வழி. முற்றும் இலவசம் என்பது மூன்றாவது. முற்றும் இலவசமாகத் தருகிறவர் எதைக்கொண்டு வாழ்கிறார் என்று கேட்க வேண்டும். விளம்பரத்தால் என்றால் சரி. நம் படத்தையும் பேச்சையும் கொண்டு என்றால்?

இது வீண் அச்சமன்று. 2020 ஜூன் திங்களில், விபிஎன்மென்டார் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தனிப்பட்ட விருப்பங்களுக்கென நடந்த பல டேட்டிங் செயலிகளின் சேமிப்பகங்கள் பூட்டின்றித் திறந்து கிடந்ததை அவர்கள் கண்டனர். 845 ஜிகாபைட், இரண்டு கோடிக்கு மேற்பட்ட கோப்புகள்! அந்தரங்கப் படங்கள், உரையாடல்களின் நகல்கள், குரல் பதிவுகள், பணம் செலுத்திய விவரங்கள் யாவும் அதிலே. அந்தப் பட்டியலில் 'பிபிடபிள்யூ டேட்டிங்' என்ற செயலியும் இருந்தது. ஆய்வாளர்கள் எச்சரித்த பிறகே கதவு அடைக்கப்பட்டது. எவளோ ஒருத்தி, 'இங்கேயாவது என்னை ஏளனம் செய்யமாட்டார்கள்' என்று நம்பித் தன் படத்தைக் கொடுத்திருப்பாள். அவள் நம்பிக்கை தெருவிலே கிடந்தது. ஒதுக்கப்பட்டவர்களுக்கென்று தனி இடம் அமைப்பவர், அந்த இடத்துக்குப் பூட்டும் போட வேண்டும். பூட்டில்லாத புகலிடம் பொறி.

எனவே, நாங்கள் வகுத்துக்கொண்ட சோதனைகளைச் சொல்லுகிறேன். பிறருக்கும் பயன்படக்கூடும்.

நடத்துபவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார், முறையிட வழி என்ன என்று தளத்தில் எழுதியிருக்கிறதா என்பது முதற் சோதனை. கணக்கையும் படங்களையும் நாமே அழித்துவிட முடியுமா என்பது அடுத்தது. முடியாதென்றால் நுழைய வேண்டா. மூன்றாவது சோதனை, அருகில் எத்தனை பேர் என்பது. அமெரிக்காவில் பல இலட்சம் பேர் இருக்கலாம். கடலூரிலிருந்து நூறு கிலோமீட்டர் சுற்றளவில் தேடியபோது ஒரு தளத்தில் நால்வர் கிட்டினர். அவருள் மூவர் ஓராண்டாக எட்டிப் பார்க்காதவர். பெயர்ப்பலகை பெரிதாக இருந்து, கடையில் சரக்கில்லாவிட்டால் என்ன பயன்? இதனால்தான் தனிப் பிரிவுத் தளம் ஒன்றோடு பொதுத் தளம் ஒன்றிலும் சேர்வது அறிவுடைமை என்று கண்டோம். ஹார்வர்டில் பயின்ற நால்வர் 2004இல் தொடங்கிய ஓகேகியூபிட் போன்ற பொதுத் தளங்கள், அரசியல், சமயம், குழந்தை, வேலை என்று பல கேள்விகள் கேட்டு விடைகளை ஒப்பிடுகின்றன. உடலைக் காட்டு என்பதற்குமுன் உன் கருத்தைக் கூறு என்கிற இடம் எதுவாயினும், அங்கே எங்கள் மதிப்பெண் கூடியது.

நான்காவது, ஏளனம் செய்பவரைத் தடுக்கவும், அவர்மீது புகார் கொடுக்கவும் வழி இருக்கிறதா என்பது. ஐந்தாவது, நம் கையில் உள்ளது: பள்ளிக்கு அணிந்து செல்லும் உடையில், முழு உருவமும் தெரியும் படமே போதும். உடலை மறைத்து முகத்தை மட்டும் காட்டினால் தியாகி வருவார். வேறு விதமாகக் காட்டினால் இருட்டு அன்பர் வருவார். வீட்டு முகவரி, பணியாற்றும் இடம், கைப்பேசி எண் ஆகியவை முதல் நாளில் எவருக்கும் வேண்டா. ஆறாவது, காணொளியில் முகம் பார்த்த பிறகே சந்திப்பு. சந்திப்பு பகலில், மக்கள் நடமாடும் இடத்தில், தோழிக்குச் சொல்லிவிட்டு. ஏழாவது, காசு கேட்டால் கதவை அடை. விமான நிலையத்தில் பரிசுப் பொருள் சிக்கியிருக்கிறது, மருத்துவமனையில் தாய் கிடக்கிறாள் என்று எந்தக் கதை வந்தாலும் அடை. ஏமாற்றப்பட்டால் 1930 என்ற எண்ணை அழைத்து உடனே புகார் செய்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. திருமணத் தளங்கள் தம்மிடம் சேர்வோரின் அடையாள ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று இந்திய அரசு 2016 ஜூனில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தனிநபர் தரவுகளைக் காக்க 2023இல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அயல்நாட்டிலிருந்து நடக்கும் இலவசச் செயலியின் கதவைச் சட்டம் தட்டுவதற்குள் காலம் ஓடிவிடும். நம் விழிப்பே முதற் காவல்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு கேள்வி எழும். ஆசிரியை ஒருத்தி இப்படி முன்பின் அறியாதவரோடு பேசிப் பழகி இணை தேடுவது தகுமா என்று. தகும்! 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7-அ என்ற பிரிவு, சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லுபடியாக்கிற்று. இருவர் ஒருவரையொருவர் ஏற்பதாக, புரியும் மொழியில் கூறி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் போதும் என்றது. சட்டம் கேட்பது ஒப்புதல். எடைச் சீட்டு அன்று. 2012இல் சென்னை பெரியார் திடலில் நடந்த 'மன்றல்' விழாவிலே சாதி மறுத்தோரும், துணையை இழந்தோரும், மணமுறிவு பெற்றோரும், மாற்றுத்திறனாளிகளும் தாமே மேடையேறித் தம்மை அறிமுகம் செய்துகொண்டார்கள். தரகர் நாவால் அறிமுகமாகாமல் தன் நாவால் அறிமுகமாவது என்பதே அதன் உயிர். இணையதளமும் அத்தகைய மேடையாக இருக்குமானால், அது நம் காலத்துக்கு ஏற்ற கருவியே.

நான் இரண்டு தளங்களை ஏற்றேன், ஐந்தைத் தள்ளினேன். என்னைப் பற்றி எழுதியது இவ்வளவே: "வரலாற்று ஆசிரியை. பருத்த உடலினள். சாதியும் சாதகமும் வேண்டா. பகலில் பேசத் துணிந்தவர் எழுதுக." நான்கு திங்களில் பதினொருவர் எழுதினர். எண்மர் முதல் இருவகையினர். மூவரோடு உரையாடல் நடக்கிறது. முடிவு எதுவாயினும், முடிவு செய்பவர்களில் நானும் ஒருத்தி என்பதே எனக்குக் கிடைத்த முதல் வெற்றி. அம்மா முதலில் அஞ்சினார், இப்போது, "அந்த நெய்வேலிப் பிள்ளை என்ன எழுதியிருக்கிறார்?" என்று கேட்கிறார். தரகரிடம் இப்படி ஒரு நாளும் அவர் கேட்டதில்லை; கேட்க அங்கே ஏதும் இருந்ததில்லை.

எனினும், இது என் கதையோடு முடிவதன்று. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, மதிய உணவில் தரும் முட்டையை நாள்தோறும் பக்கத்திலிருப்பவளுக்குக் கொடுத்துவிடுகிறாள். ஏனம்மா என்றேன். "குண்டாயிட்டா யாரும் கட்டிக்கமாட்டாங்களாம், டீச்சர்" என்றாள். வயது 13! வளரும் உடலுக்கு அரசு தரும் உணவை, வராத மாப்பிள்ளைக்கு அஞ்சித் தள்ளுகிறாள். அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பாடநூலா? இல்லை. தரகரும், திரைப்படமும், திண்ணைப் பேச்சும், கேசரி உண்டுவிட்டுக் கிலோ கேட்ட கூட்டமும் சொல்லிக்கொடுத்தன. அன்று அவளுக்கு அறிவுரை கூறவில்லை. அவள் பக்கத்தில் அமர்ந்து என் சோற்றுப் பெட்டியைத் திறந்து உண்டேன். அவளும் முட்டையை உண்டாள். நாளையும் உண்பாளா என்பது நம் எல்லோரையும் பொறுத்தது.

மாற்ற முடியாதது அன்று இது. ஷாதி.காம் என்ற பெரிய திருமணத் தளத்தில் தோலின் நிறத்தைக் கொண்டு தேடும் வசதி இருந்தது. 2020 ஜூனில் வட அமெரிக்காவில் வாழ்ந்த இந்திய வம்சாவளிப் பெண்கள் சிலர் கேள்வி எழுப்பினர், கையொப்பம் திரட்டினர், அந்த வசதி நீக்கப்பட்டது. நிறத்துக்கு இருந்த கட்டம் நீங்கியதென்றால், 'மெலிந்தவர், நடுத்தரம், பருத்தவர்' என்று பெண்ணைப் பிரித்து வடிகட்டும் கட்டம் நீங்காதா? பத்தில் நால்வர் கேட்டால் நீங்கும். கேட்போம்.

பெற்றோரே, மகளின் படத்தைத் தரகரிடம் கொடுக்குமுன், அவளிடம் அவள் விருப்பத்தைக் கேளுங்கள். தளம் நடத்துவோரே, பருத்தவருக்கென இடம் அமைத்தால் பூட்டோடு அமையுங்கள், மதிப்போடு அமையுங்கள். இளைஞர்களே, உங்களுக்குத்தான் இறுதிச் சொல். உங்களில் பலருக்குப் பருத்த பெண்ணைப் பிடிக்கிறது; எனக்குத் தெரியும், இரவிலே வரும் மடல்கள் சொல்லுகின்றன. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நண்பர்கள் நடுவிலே அதைச் சொல்லத் துணியுங்கள். தாயின் முன்னே சொல்லத் துணியுங்கள். நீங்கள் பகலில் சொல்லத் தொடங்கும் நாளில், எங்களுக்குத் தனித் தளம் தேவைப்படாது.

எடைக்கல் அரிசிக் கடையிலே இருக்கட்டும். மணவறைக்குள் அதற்கு வேலை இல்லை.